கழுத்துக் கறுப்பு

கண்ணகிக்கு மகளின் கழுத்து ஒரு மானப் பிரச்சினை. பன்னிரண்டு வயது தேவதர்ஷினியின் பிடரியில் பட்டையாகக் கறுப்பு படிந்திருந்தது. கடலைமாவு, பயத்தமாவு, பீர்க்கங்காய் நார் என்று எதை வைத்துத் தேய்த்தாலும் தோல் எரிந்ததே தவிர கறுப்பு போனபாடில்லை. பெண் வயசுக்கு வந்துவிட்டாள். பத்து நாளில் மஞ்சள் நீராட்டு. களமருதூரே வந்து பார்க்கும்.

பள்ளிக்கூடப் பரிசோதனையில் அந்தக் கழுத்தைக் கவனித்த நர்ஸ் மணிமொழி வீடு தேடியே வந்தாள்.

"இது அழுக்கு இல்லக்கா. எவ்ளோ தேச்சாலும் போவாது. சர்க்கரை ஏறுதோன்னு சந்தேகப்படணும். வெயிட்டும் ஜாஸ்தி. வூட்ல யாருக்கின்னா சுகர் இருக்குதா?"

"எங்க வூட்டுக்காருக்கு இருக்குது. அதுக்கு இன்னா? சின்னப் புள்ளைக்கு எப்டி வரும்?"

"இப்பல்லாம் வருதுக்கா. நாளைக்கே கள்ளக்குறிச்சி இட்டுக்கினு போய் ரத்தம் பாருங்க. சீக்கிரம் பாத்துட்டா சாப்பாடு, நடை, மாத்திரைன்னு கட்டுக்குள்ள வெச்சிக்கலாம்."

கண்ணகி அவசரமாகக் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் காதில் விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் உளுந்தூர்பேட்டை வரை போய்விடும். சுகர்காரி என்று பெயர் வந்த பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்? விசேஷம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். பாவி, அந்தப் பத்து நாளும் சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலப்பட வேண்டுமாம். காலையில் உளுந்தங்களி, மேலே வெல்லப்பாகு மிதக்க மிதக்க. மாலையில் அத்தைமார் கொண்டுவந்த அதிரசமும் லட்டும். பெண் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், ஓயாமல் கழிவறைக்கு ஓடினாள். உடம்புச் சூடு என்று கண்ணகி கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். விசேஷத்துக்குத் தைத்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "பொண்ணு எளச்சி அழகாயிட்டா" என்றார்கள் உறவுக்காரர்கள். கண்ணகி பூரித்துப் போனாள்.

மஞ்சள் நீராட்டு அன்று நலங்கு வைத்தவர்கள் ஆளுக்கொரு சிட்டிகை சர்க்கரையை மகளின் வாயில் போட்டார்கள். கண்ணகியின் தம்பி தனசேகரன், தாய்மாமன் அல்லவா, ஒரு பிடியே போட்டான். பெண் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கூச்சம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாகக் கண்ணகி சர்க்கரையோடு முன்னால் போய் நின்றாள். மகள் மெல்ல நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். உதடுகள் வெடித்திருந்தன.

"யாரு, அத்தையா?"

கண்ணகி குனிந்து முகத்தை அருகே கொண்டுபோனாள். "நான்டீ, அம்மாடீ!"

நர்ஸ் சொன்னது கண்ணகிக்கு அப்போதுதான் உறைத்தது.

"தனசேகரா, வண்டிய எடுடா! எம் புள்ளைக்குச் சுகருடா!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கொளஞ்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அதற்குள் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தாள்.