கார் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லுங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கார் அலாரத்திலிருந்து கிடைத்தது. கிடைத்தது என்பது நாகரிகமான சொல். எடுத்துக்கொண்டேன். உரியவளிடம் அனுமதி கேட்கவில்லை.

1996 நவம்பர். நியூ ஜெர்சி, ஐசலின். சென்னை வாரப் பத்திரிகைக்கு ஃபேக்ஸில் தொடர்கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்போது எழுதிய தொடக்கம் இது:

‘விடிந்தும் விடியாத நேரம். யாரும் தொடாமலே நீல நிறக் கார் அலறியது. உள்ளே, பின் சீட்டில், ஒரு—’

[நிறுத்திவிட்டேன். பின் சீட்டில் ஒரு குடை மட்டும்தான் இருந்தது. பதினைந்து வருடமாகத் தொடர் எழுதிய கை இது. சும்மா நிற்கும் காரைக் கண்டாலும் உள்ளே ஒரு பிணத்தை வைக்கத் துடிக்கும்.]

2

இரண்டாவது தொடக்கம். இதில் பொய் குறைவு.

கார் சுந்தரராமனுடையது. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டு நாள் முன்பு ரயில் பிளாட்பாரத்தில் விழுந்தவர். மூளைக்குள் ரத்தக் கசிவு. மருத்துவமனையில் அவருக்காக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மனைவி நாகலக்ஷ்மி எங்கள் கீழ்த்தளத்து வீடு. தினமும் காரை ஓட்டிக்கொண்டு போனாள். அந்த வாரம் செவ்வாயன்று கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ரிமோட்டை அழுத்தினால் கதவுப் பூட்டுகள் பாதி எழும்பி விழுந்தன. பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. அது இளைக்க இளைக்க, யாரோ கதவைத் திறப்பதாக நினைத்து அலாரம் அலறியது.

மாடி வீட்டு பிச்சுமணி, எலக்ட்ரிகல் இன்ஜினியர், மாலையில் சார்ஜ் ஏற்றினார். புதன் காலை மறுபடி சவம். வியாழனும் அப்படியே.

புதனன்று நான் கேட்டேன். “நான் டிராப் பண்றேம்மா, வாங்க.”

“வேண்டாம் சார். கார் சரியாகட்டும்.”

[இந்த வரியை ஆசிரியர் வெட்டச் சொல்வார். ‘கணவன் அங்கே கிடக்க, எந்த மனைவி லிஃப்ட் வேண்டாம் என்பாள்? பாத்திரம் ஒட்டவில்லை.’ எனக்கும் அப்படித்தான் பட்டது. துப்பறியும் கதை எழுதுபவன் கண்ணெதிரே துப்பு நின்றது. அவளுடைய கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.]

3

வெள்ளி. தேங்க்ஸ்கிவிங் மறுநாள், பிச்சுமணிக்கு லீவு. விடிந்ததுமே சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டரோடு உட்கார்ந்துவிட்டார். பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். எல்லாம் அணைந்திருக்கும்போதும் கரன்ட் ஓடியது.

“எதுவோ குடிக்கறது சார். ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்கினா மாட்டிக்கும். உம்ம கதையா இருந்தா இந்நேரம் ரெண்டு பொணம் விழுந்திருக்கும், இல்ல?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நாகலக்ஷ்மி கார்ட்லெஸ் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

ஏழாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டரில் எண் இறங்கியது. உள் விளக்குகளுக்கானது. மேல் விளக்கு முதலிலிருந்தே அணைந்துதான் இருந்தது. டிக்கி விளக்கும்தான். ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு, முன் சீட்டில் குனிந்து, கைகளால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் இருக்கும் க்ளவ் பாக்ஸ் மூடியைச் சுற்றி மஞ்சளாக ஒரு கீற்று.

திறந்தார். பொட்டலங்கள் சரிந்து விழுந்தன. பிரிட்ஜ்வாட்டர் கோயில் விபூதி, ஃப்ளஷிங் பிள்ளையார் குங்குமம், பிட்ஸ்பர்க் துளசி. அர்ச்சனைச் சீட்டுகள், எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே நட்சத்திரம்.*

* பிரசாதத்தை நம்மவர் யாரும் குப்பையில் போடுவதில்லை. சாப்பிட்டு முடியாததற்கு அமெரிக்காவில் ஒரே இடம் க்ளவ் பாக்ஸ்தான். பொட்டலங்கள் பெருகியதில் மூடி முழுதாக அழுந்தவில்லை. உள்ளே இருந்த குட்டி சுவிட்சும் அழுந்தவில்லை. இரவெல்லாம் ஒரு சின்ன பல்ப், பழைய பேட்டரி, குளிர். அவ்வளவுதான் மர்மம்.

பிச்சுமணி சுவிட்சை விரலால் அழுத்தினார். விளக்கு அணைந்தது. “இவ்ளோதாம்மா! இத வேற எங்கயாவது வெச்சுட்டா போறும். இப்பவே கிளம்பலாம்.”

“தெரியும்ணா.”

“என்னது?”

“திங்கக்கிழமை சாயந்திரமே பாத்துட்டேன். இருட்டினப்பறம் அந்த வெளிச்சம் தெரிஞ்சது.”

அவர் விரலை எடுக்க மறந்தார்.

“அன்னிக்குதான் டாக்டர் சொன்னார். இனிமே எழுந்துக்க மாட்டார், மெஷினை எடுத்துடலாம், வந்து சைன் பண்ணுங்கோன்னு. ஆஸ்பத்திரிலேர்ந்து தினம் பத்தரைக்கு போன் பண்றா. கார் ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்றேன். நான் போகாத வரைக்கும் அவர் இருக்கார்ணா.”

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் கிளம்புகிறாள். இயந்திரம் நிற்கும் கணத்தில் சுந்தரராமனின் விரல் அசைகிற— [கிழித்துவிட்டேன். அறுபது அத்தியாயம் இந்த விரலால் பிழைத்தவன் நான். இங்கே அது பாவம்.]

(ஆ) பிச்சுமணி பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி உள்ளே அடுக்கி, மூடியைப் பாதி மூடி

[வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.]

5

இது நடந்தது.

பத்தரைக்குப் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. பிச்சுமணியிடம் நீட்டினாள். அவர் விரலை சுவிட்சில் வைத்தபடியே தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தாள்.

“நீங்க கதை எழுதறவர்தானே சார்? கார் இன்னும் சரியாகலைன்னு நீங்க சொல்லுங்கோ. இன்னிக்கு ஒரு நாள்.”

பதினைந்து வருடத்தில் என்னிடம் கதை கேட்டவர்கள் எல்லாம் பொழுதுபோகக் கேட்டவர்கள். போனை வாங்கினேன். பட்டனை அழுத்தி “ஹலோ” என்றேன். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக, இன்றைக்காவது கார் கிளம்புமா என்று கேட்டது.

நான் சொன்ன பதிலை யாரிடமும் சொன்னதில்லை. சரியா தவறா என்று இன்றுவரை தெரியாததால், இங்கும் எழுதப் போவதில்லை. நாகலக்ஷ்மி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் குரல் இரண்டாவது முறையாகக் கேட்கிறது. இனி நீங்கள் போனை வாங்கிக்கொள்ளுங்கள்.