இடப்பக்கத்துப் பால்

"அம்மா, பையன் சாமியாராப் போனாத்தான் தாய்ப்பாலுக்கு ஈடாகும்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்போ நான் குடிச்சதுக்கு?"

"நீ குடிச்சதுக்கு எந்தக் கோயில்ல போய் ஈடு கட்டுறது! மூணு வயசு வரைக்கும் விட்டியாடி? விளையாடிக்கிட்டே ஓடி வருவ, நின்ன வாக்குல குடிச்சிட்டு ஓடுவ. அதுவும் இடப்பக்கம்தான் வேணும். வலப்பக்கம் கொடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவ."

"தம்பி?"

"அவன் பாவம். எட்டு மாசத்துல பால் வத்திப்போச்சு. அப்புறம் டப்பாப் பால்தான்."

"அப்போ அவன் எட்டு நாள் சாமியாரா இருந்தாப் போதும்."

"வாயைப் பாரு வாயை!"

அம்மா தோங்சாய் வயிறு குலுங்கச் சிரித்தாள். மறுநாள் காலையில் அந்த இடப்பக்க மார்பை அறுத்து எடுத்தார்கள்.

கோன்கேன் நகரத்து ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் இந்தப் பேச்சு நடந்து எட்டு வருடம் ஆகிறது. வாஸனாவுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அப்போது அவள் அந்த ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள். அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த மின்வாரிய ஊழியன் இரண்டு வருடம் பொறுத்தான். மூன்றாம் வருடம் கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். அதில் பெண்ணின் பெயர் வேறாக இருந்தது.

போய்விட்டது என்று நினைத்த புற்றுநோய், மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவின் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்தது. பிறகு ஈரலுக்கும் போனது. "குணப்படுத்த முடியாது, தள்ளிப் போடலாம்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை விடியற்காலை ஐந்து மணி வேன். ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு குறைவாக இருந்தால் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும். சரியாக இருந்தால் மாலை வரை சொட்டுச் சொட்டாக மருந்து. வாய்ப்புண்ணுக்கு ஐஸ் துண்டு, மடியில் வாந்திப் பை. மார்பு எடுத்த பக்கத்து இடக்கை வீங்கிப் பூசணிக்காய் போல ஆகிவிட்டதால், "அந்தக் கையில குத்தாதீங்க" என்று புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸிடமும் சொல்ல வேண்டும். இத்தனையையும் அம்மா முணுமுணுக்காமல் பொறுத்துக்கொண்டாள். தன்னோடு இன்னும் கொஞ்ச நாள் இருப்பதற்காகத்தான் பொறுத்துக்கொள்கிறாள் என்று வாஸனா நம்பினாள்.

தம்பி ஏக் தொலைவில், ராயோங் நகரத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை செய்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தது இரண்டே தடவை. ஆண்பிள்ளைகள் சில நாள் மட்டும் துறவு பூண்டு திரும்பும் வழக்கத்துக்குக் கம்பெனியில் பதினைந்து நாள் சம்பளத்தோடு லீவு உண்டாம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள்கூடக் கிடையாதாம். அப்படித்தான் அவன் சொன்னான்.

ஏக்கின் துறவுச் சடங்குக்குத் தேதி குறித்ததும் தோங்சாய் டாக்டரிடம் கைகூப்பினாள். "இந்தத் தடவை மருந்து ஏத்தினா பத்து நாள் எந்திரிக்க மாட்டேன் டாக்டர். பிள்ளைக்கு முடி எடுக்கிற அன்னிக்கு நான் நிக்கணும்."

"ஒரு சுற்று தள்ளலாம்மா. ஆனா விட்டுடக் கூடாது. சடங்கு முடிஞ்ச புதன்கிழமை கட்டாயம் வரணும்."

திரும்பும் வேனில் வாஸனா கேட்டாள்: "எட்டு மாசப் பாலுக்காக ஒரு சுற்று மருந்தை விடுறியாம்மா?"

அம்மா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

முடி எடுக்கும் காலையில் வாஸனா வழக்கம்போல் அம்மாவுக்குப் பென்சிலால் புருவம் வரைந்தாள். மருந்தால் தலையில் ஒரு மயிர் இல்லை, புருவமும் இல்லை. ஊதா நிறத் தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டு, கைத்தாங்கலாக முற்றத்துக்கு அழைத்து வந்தாள். நாற்காலியில் ஏக் உட்கார்ந்திருந்தான். மடியில் தாமரை இலை. அம்மா கத்தரியைக் காதோரம் கொண்டுபோனாள்.

"மெதுவாம்மா, அங்க காது இருக்கு."

"பேசாம இருடா. உன் காதை எனக்குத் தெரியாதா?"

அம்மா வெட்டிய முதல் கற்றை இலையில் விழுந்தது. ஊரே கைகூப்பியது. அந்த முடியை ஆற்றில் விடுவார்கள். அம்மாவின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது வாஸனா குளியலறைச் சாக்கடை வாயிலிருந்து அதை விரலால் வழித்து எடுத்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள். அதற்கு யாரும் இலை கொண்டுவரவில்லை.

புத்த சாமி ஒருவர் தலையை மழித்து, வழக்கப்படி புருவத்தையும் எடுத்தார். ஏக் கண்ணாடியைப் பார்த்தான். "அக்கா, அந்தப் பென்சிலை எனக்கும் கொடேன்!"

முற்றமே சிரித்தது. "இப்பத்தான் ஆத்தாளும் மகனும் ஒரே அச்சு!" என்றாள் பெரியம்மா கம்பெங். அம்மாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். வாஸனாவும் சிரித்தாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

ஊர்வலம் கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒலிபெருக்கி வண்டி முன்னே அலறிக்கொண்டு போனது; பின்னால் பெரியம்மாவும் கூட்டாளிகளும் வெயிலில் ஆடினார்கள். மகன் உடுத்தப்போகும் காவித்துணிக் கட்டைச் சுமப்பது தாயின் உரிமை. அம்மா துணியைத் தூக்கினாள். வாஸனா பின்னால் நின்று அம்மாவின் வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் விலகுங்க. போட்டோவுல உங்க கை தெரியுது" என்றான் படம் எடுப்பவன்.

"விலகினா அம்மா விழுந்துடுவாங்க."

"அப்போ குனிஞ்சுக்கோங்க."

அவள் குனிந்துகொண்டாள். மூன்று சுற்றும் அப்படியேதான் நடந்தாள்.

சடங்கு முடிந்து ஏக் காவியில் வந்து மேடையில் அமர்ந்தான். பெண்கள் கையிலிருந்து நேராக எதையும் வாங்கக் கூடாது என்பதால் முன்னால் ஒரு மஞ்சள் துண்டை விரித்தான். முதல் காணிக்கை அம்மாவுடையது. தட்டோடு மண்டியிடப் போனவள் நிலைதடுமாறினாள். ஏக் பதறி இரண்டு கையையும் நீட்டினான்.

"வேண்டாம் சாமி! தொட்டுடாதீங்க!"

காலையில்கூட 'டா' போட்டவனை 'நீங்க' என்று கும்பிட்டபடியே, அவன் கைக்கு எட்டாமல் அம்மா மறுபக்கம் சாய்ந்தாள். வாஸனா பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். தட்டு உருண்டது. ஏக்கின் கைகள் காற்றில் நின்றன. அவன் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, விட்டுடாத. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"இத்தனை வருஷமா என்ன பண்றேன்னு நினைச்சீங்க, சாமி?"

பெரியம்மா 'உஸ்' என்றாள். ஏக் தலை குனிந்துகொண்டான்.

மதியம் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே அம்மாவைப் படுக்க வைத்து, வாஸனா வீங்கிய கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை மெதுவாக நீவிவிட்டாள். அம்மாவின் முகத்தில் வியர்வையில் ஒரு புருவம் அழிந்திருந்தது. பல வருடமாக இல்லாத நிம்மதியும் அதே முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க வாஸனாவுக்குக் கசந்தது.

"புதன்கிழமை அஞ்சு மணிக்கு வேன் வரச் சொல்லியிருக்கேன்."

"வேண்டாம்னு சொல்லிடு."

"அடுத்த சுற்றையும் தள்ளணுமா?"

"இனிமே எதுவும் வேண்டாம்டி. காவியில என் பிள்ளையைப் பார்த்துட்டேன். அந்தத் துணியோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சொர்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்துடுவேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே அத்தனை ஊசியையும் பொறுத்துக்கிட்டேன்."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது. மூன்று வருட வேன், ஐஸ் துண்டு, வாந்திப் பை எல்லாம் இன்றைய நாளுக்காக. வாஸனா எழுந்து போய், கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அவனை வரச் சொல்லி மூணு வருஷமாக் கெஞ்சினேன். மருந்து ஏத்துற அன்னிக்கு ஒரு நாள் வந்து கிண்ணம் பிடிச்சானா?"

"அவன் சாமிடி இப்போ. அப்படிப் பேசாத, பாவம்."

"யாருக்குப் பாவம்?"

"மருந்தை நிறுத்துறது உனக்கும் நல்லதுதான்" என்றாள் அம்மா. "முப்பத்தாறு வயசாச்சு. இனியாவது உன் வாழ்க்கையைப் பார்க்க வேண்டாமா?"

"என் வாழ்க்கையா? அது கல்யாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையோட ஊதோன் ஊர்ல இருக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. வாஸனா முதுகைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தாள்.

"நான் உனக்கு ஒண்ணுமே செய்யலைன்னு மனசுல வச்சிருக்கியா?"

"அப்படி நான் கேட்டேனா?"

"நீதான் எதையுமே கேட்க மாட்டியே."

உண்மைதான். எட்டு வருடமாக அவள் அம்மாவிடம் சொன்னதெல்லாம் வாயைத் திற, விழுங்கு, படு, எழுந்திரு. உள்ளே கிடந்த ஒன்றை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் இன்னொரு ஊசி என்று பொருள். இன்னும் பத்து நாள் வாந்தி, வாய் முழுக்கப் புண், இரவெல்லாம் முதுகுவலி. பெற்றவளிடம் போய் அதைக் கேட்பவள் என்ன மகள் என்றுதான் ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுவாள்.

வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ கேக்குறேம்மா. அவனுக்காக மூணு வருஷம் இருந்தியே, எனக்காகவும் கொஞ்ச நாள் இரு."