உள்ளறைப் பிள்ளையை வரைய வந்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவை ஒட்டி உட்காராதீர்கள், காற்று அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வரைய ஒருத்தி வந்தாளே, அந்தக் கதையைச் சொல்கிறேன். பயப்பட வேண்டியதில்லை. பேய்க்குப் பயந்த கதை இல்லை இது, மனுஷருக்குப் பயந்த கதை.

வடக்கே இவாத்தே மலையில், வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விடுதி. அதன் சமையலறையில் கினு முள்ளங்கி ஊறுகாயை நறுக்கிக்கொண்டிருந்தபோது மாமியாரின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கத்தி அப்படியே நின்றது. டோக்கியோவிலிருந்து வந்திருந்த பெண் சிரித்திருந்தால் வியப்பில்லை, வயது அப்படி. சிரித்தது மாமியார் ஹாட்சு. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து கினுவுக்குத் தலையில் நரை விழுந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் மாமியார் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு மாமியார் சிரித்தால் எந்த மருமகளுக்கு ஊறுகாய் ஒழுங்காக நறுக்க வரும்?

வந்தவள் பெயர் மினாகோ. தொலைக்காட்சிக்கு அசையும் படங்கள் வரையும் நிறுவனத்தில் வேலை. பழைய வீடுகளில் குடியிருக்கும் பிள்ளை ஆவியைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்களாம். அதை அவள்தான் நடக்கவைக்க வேண்டுமாம். அதற்காகப் பென்சில் கட்டும் தாள் கட்டுமாக, இடுப்பளவு பனியில் மலை ஏறி வந்திருந்தாள்.

அவள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். இந்த விடுதியின் உள்ளறையில் ஒரு பிள்ளை இருப்பது சுற்றுவட்டாரம் அறிந்த சங்கதி. யாரும் அதைப் படம் பிடித்ததில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது இருக்கும்வரை வீடு செழிக்கும், வெளியேறினால் வீடு விழும். அடிவாரத்தில் அரிசி மது காய்ச்சி ஓகோவென்று இருந்த குடும்பத்தை விட்டு அப்படித்தான் போய்விட்டது என்பார்கள். இப்போது அந்த வீட்டுக் கூரையில் புல் முளைத்திருக்கிறது. வந்து தங்குகிறவர்கள் பிள்ளைக்கென்று பொம்மை, பந்து, பயறு அடைத்த துணிப்பை என்று எதையாவது உள்ளறையில் வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டாருக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. காதில் விழுந்ததோ கண்ணில் பட்டதோ, இன்னதென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் அது கிளம்பிவிடும். புதிதாக வந்த மருமகளை முதல் குளிர்காலம் முடிகிறபோது மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "கேட்டதா?" மருமகள் "கேட்டது" என்பாள். அத்தோடு சரி. வீடு அவளை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

கினுவும் "கேட்டது" என்றுதான் சொன்னாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கூரையில் பனி சரிவதும் எலி ஓடுவதும் தவிர அந்த வீட்டில் அவள் வேறெதையும் கேட்டதில்லை. பிள்ளைப்பேறும் இல்லாமல் போனது. ஒரு பிள்ளை வரவில்லை, இருக்கிற பிள்ளையும் தன்னிடம் பேசவில்லை என்பதை அவள் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் மாமியார் ஒருநாள் சோற்றகப்பையை மருமகள் கையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டால் வீடு மருமகளுடையது. அதுவரை யாருக்கு எவ்வளவு சோறு என்பதுகூட மாமியார் கையில். அக்கம்பக்கத்தில் கினுவைவிடச் சின்னவர்கள் எல்லாம் வாங்கியாயிற்று. ஹாட்சுவோ எழுபது வயதில், நடுங்கும் கையால் இன்னும் தானே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் கொடுக்கவில்லை? கினுவுக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் இருக்க முடியும். கிழவிக்குச் சந்தேகம். இப்போது இந்தப் படக்காரி வேறு வந்து அறை அறையாகப் போய் விசாரிக்கிறாள்.

கணவன் ரியோசோ கொல்லையில் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தான். கினு அங்கே போனாள்.

"என்னங்க, அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டா?"

"நடந்து காட்டச் சொன்னா."

"என்னத்த?"

"அது எப்படி நடக்கும்னு. ஓடிக் காட்டினேன். முட்டி பிடிச்சுக்கிச்சு."

"அய்யோ, சொல்லக் கூடாதுல்ல?"

"நான் எங்க சொன்னேன்? காட்டினேன். சொல்லக் கூடாதுன்னுதான் பேச்சு. காட்டக் கூடாதுன்னு எந்தத் தாத்தன் சொல்லி வெச்சான்? அதுவும் வீட்டாளுக்குக் காட்டலையே, வெளியாளுக்குத்தானே." அவன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "இந்த நியாயத்தக் கண்டுபிடிச்சது அம்மா. கெழவி இந்த வயசுல வக்கீலாயிடுச்சு."

கினுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் அம்மாவும் காட்டியாயிற்று, மகனும் காட்டியாயிற்று. தெரிந்தவர்கள் இருவர் காட்டியதோடு தெரியாதவள் காட்டியதை ஒட்டிவைத்துப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். தாள்மேல், பென்சிலால், யாரும் வாயே திறக்காமல்.

அன்று மத்தியானமே மினாகோ சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நீங்கதான் பாக்கி."

"எனக்குக் குளியல் தொட்டி தேய்க்கணும்."

"நானும் வந்து தேய்க்கிறேன். பேசிக்கிட்டே தேய்ப்போம்."

"விருந்தாளி தொட்டி தேய்ச்சா ஊர் சிரிக்கும். நாளைக்குப் பார்க்கலாம்."

"அம்மா சொன்னாங்கக்கா. யாரை விட்டாலும் கினுவை விட்டுடாதேன்னு."

அதைக் கினு தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். யாரை விட்டாலும் கினுவை விட்டுடாதே. அன்று கேட்ட ஒரு கேள்வி போதாமல், கடைசியில் கிழவி கேள்வி கேட்க ஆள் வைத்துவிட்டாள். மறுத்தால் அதுவே சாட்சி. அவள் ஈரக்கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்தாள். பிறந்த வீட்டில் தம்பி ஒரு காலை மடக்கிக்கொண்டு நொண்டியடிப்பது நினைவுக்கு வந்தது. அதையே செய்தாள். சமையலறைத் தரையில், அந்த வயதில், ஒற்றைக் காலில் குதித்தாள்.

மினாகோ பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் பென்சில் அசையவில்லை. "இறங்குறப்போ குதிகால் முதல்ல படுமா, விரலாக்கா?" என்று கேட்டாள். கினு விழித்தாள். "நின்னதும் எந்தப் பக்கம் திரும்பும்?" கினு அடுப்பைக் கிளறப் போனாள். "சரிக்கா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கோடுகூடப் போடாமல் போனாள்.

அன்று முழுக்க கினு இருவரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சாப்பாட்டில் மாமியார் அவளுக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தாள். ஏன் வைத்தாள்? மினாகோ சூப்புக் கிண்ணத்துக்கு மேலாகத் தன்னைப் பார்த்தாளா, தன் காலைப் பார்த்தாளா? ரியோசோ "உப்பு கம்மி" என்றதில்கூட ஏதோ இருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் மினாகோ ஊற்றில் குளிக்கப் போனதும் கினு துடைப்பத்தோடு அவள் அறைக்குள் நுழைந்தாள். பெருக்கத்தான் போனாள் என்று நீங்கள் நம்பினால் நானும் நம்புகிறேன். குட்டை மேசைமேல் மெல்லிய தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ரயில் நிலையக் கடைகளில் மிட்டாய்ப் பெட்டிமேல் அச்சடித்து விற்பார்களே, குட்டை முடியும் சிவப்புச் சட்டையும் போட்ட குண்டுக் கன்னப் பிள்ளை, அதைத்தான் எதிர்பார்த்தாள். அப்படி எதுவுமில்லை. எந்தத் தாளிலும் முகமே இல்லை.

ஒரு கட்டின் மூலையில் கணவன் பெயர். கட்டைவிரலால் தாள்களை மடமடவென்று புரட்டி விட்டாள். படத்தில் பாயைத் தேய்த்துக்கொண்டு எதுவோ ஓடியது, அது ஓடிய காற்றில் திரைச்சீலை ஊதிப் படிந்தது. ஆளைக் காணவில்லை, ஓட்டம் மட்டும் இருந்தது. அவள் பெயரில் ஒற்றைத் தாள்தான், அதுவும் வெறும் தாள். மூன்றாவது கட்டு தடிமனாக இருந்தது. ஹாட்சு அம்மா என்று எழுதியிருந்தது.

புரட்டினாள். நடைக்கூடம். கண்ணுக்குத் தெரியாத பாதம் ஒன்று பாயை அமுக்கி எடுத்து வருகிறது. இடது பாதம் மட்டும் சற்று வெளிப்பக்கமாக ஊன்றுகிறது. கிறீச்சிடும் பலகைக்கு முன்னால் நின்று, அதைத் தாண்டி வைக்கிறது. உள்ளறைக் கதவு ஒரு கை அகலம் திறக்கிறது, அதற்குமேல் திறப்பதில்லை. பயற்றுப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே எழும்பி, யாரோ பிடித்தது போல் நடுவில் நின்று, மறுபடி எழும்புகின்றன. ஒன்று தவறி விழுகிறது. உடனே எல்லாம் அசையாமல் நிற்கின்றன. தாளுக்குத் தாள் ஒரு மாற்றமும் இல்லை, ஆனாலும் அங்கே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்துப் பக்கம் காது கொடுப்பது தெரிகிறது. பிறகு, ரொம்ப மெதுவாக, முதல் பை எழும்புகிறது.

கினு மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். மறுபடியும். பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். சின்ன வயதில் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்து இடது காலின் சுண்டுவிரல் கோணிப்போனதிலிருந்து அவள் அந்தப் பாதத்தை வெளிப்பக்கமாகத்தான் ஊன்றுகிறாள்.

வந்த புதிதில் மத்தியானங்களில், மாமியார் கண்ணயரும் நேரம் பார்த்து, அவள் உள்ளறைக்குப் போவாள். அழத்தான் முதலில் போனாள். அழுது முடித்தபின் கை சும்மா இருக்காமல் அங்கே கிடந்த பயற்றுப்பைகளை எடுத்துப் போட்டுப் பிடித்தாள். பிறந்த வீட்டில் அவள் அதில் கெட்டிக்காரி. பிறகு அதற்காகவே போனாள். யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தாள். கிழவி தூங்கவில்லை. காகிதக் கதவுக்கு அப்பால் படுத்துக்கொண்டு கோணல் காலடி உட்பட ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டிருக்கிறாள். இத்தனை காலமும் நெஞ்சில் பத்திரமாக வைத்திருந்து, நேற்று ஒரு வெளியூர்க்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் காட்டியிருக்கிறாள்.

"அக்கா."

தலைமுடி சொட்டச்சொட்ட மினாகோ வாசலில் நின்றிருந்தாள். கினு தாள்களை மறைக்க முயலவில்லை.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"முதல் நாள் நீங்க டீ கொண்டு வந்தீங்களே, அந்த நடை மனசுல நின்னுடுச்சு. அம்மா செஞ்சு காட்டினப்போ, இதை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு இருந்தது." அவள் துண்டால் முடியைச் சுற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்குப் பொழப்பே அதுதானேக்கா."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? இந்த வீட்டுல சொல்லக் கூடாதாமே."

"முகம் போடப் போறியா?"

"முகம் போட்டா செத்துடும். பாய் அமுங்குது பாருங்க, இந்த இடம். இதைச் சரியா வரைஞ்சுட்டா போதும், மிச்சத்தைப் பார்க்கிறவங்களே போட்டுக்குவாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் வேற வேற பிள்ளை தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க வேண்டாம்னா இந்தக் கட்டை அடுப்புல போட்டுடறேன். நெசமாத்தான்க்கா."

கினு அந்தக் கட்டைக் கையில் எடுத்தாள். கலைந்த தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து மேசைமேல் வைத்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை கண்ணுகளா, இடம்தான் மாறியது. கிழவி அதைப் பிள்ளை என்றே நம்பியிருந்தால், கினு இத்தனை வருஷமும் அவளை ஏமாற்றியிருக்கிறாள், உள்ளறையும் காலியாகவே கிடந்திருக்கிறது. கிழவிக்குத் தெரிந்தேயிருந்தால்? தெரிந்துகொண்டே "கேட்டதா" என்று கேட்டிருந்தால்? இரண்டில் எது மோசம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மினாகோ கிளம்பிய அன்று ரியோசோ அவளை வண்டியில் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனான். வேறு விருந்தாளிகள் இல்லை. வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். ஹாட்சு, அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய குட்டை மேசைக்குள் இடுப்புவரை நுழைந்துகொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கினு தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். யாரு வாயைப் பொத்தினா?"

கினு வாயைத் திறந்தாள். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெத்தென்ற எதுவோ பாயில் விழுந்த சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அப்புறம் நிதானமாக, ஒரே சீராக, ஒன்றன்பின் ஒன்றாக.

தட்டைக் கினு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. மாமியாரின் முகம் உள்ளறைப் பக்கம் திரும்பும் என்று பார்த்தாள். திரும்பவில்லை. ஹாட்சு சட்டென்று குனிந்து பார்த்தது கினுவின் கால்களை. வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பாதங்களும் தன் கண்ணெதிரே, பாயின்மேல், இங்கேயே இருப்பதை அவள் வெகுநேரம் பார்த்தாள். உரித்த பழம் கையிலேயே இருந்தது.

சத்தம் நின்றது. கூரையின் மறுபக்கம் பனி சரிந்ததா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"என்னமோ சொல்ல வந்தியே" என்றாள் ஹாட்சு, கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல, அத்தை."

"ம்."

கிழவி தன் இடத்திலிருந்து ஒருபக்கமாக நகர்ந்தாள். எதிர்ப்பக்கத்தில் அல்ல, தான் உட்கார்ந்திருந்த பக்கத்திலேயே போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளேயிருந்த வெதுவெதுப்பு வெளியே வந்து கினுவின் கணுக்காலில் பட்டது. கை நடுங்கியும், கீழே விடாமல், அவள் தூக்கியபடியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் நடமாட்டம் குறையாமல் இருக்கட்டும், என் செல்லங்களே. அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உள்ளே கேட்கும் சத்தம் யாருடையது என்று எழுந்துபோய்ப் பார்க்காத பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் நீண்ட நாள் இருக்கட்டும்.