தட்டிப் பார்த்த தீவு

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, மரீலா என்கிற தீவு நாடு அயனம்பாக்கம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஏரியைவிடத் தீவு பெரியது. இருந்தாலும், நெரிசலான ஆவடி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார்ந்துகொள்வதைப் போல எப்படியோ இடம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியதால், கரையில் நடைப்பயிற்சி போனவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மிச்ச நடையை முடித்தார்கள். ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக்காரர்களின் வாட்ஸப் குழுவில், இது எந்த ஃபிளாட்டுக்கு வந்த விருந்தாளி, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மட்டும் விசாரித்தார்கள்.

அது பாத்திரக்கடை சுசீலாவுக்கு வந்தது. அவள் மகன் பூபாலன் அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீனில் பரோட்டா போடுகிறவன். மரீலாவில் ஐந்து நட்சத்திர ஓட்டல் வேலை, மாதம் ஒன்றேகால் லட்சம் என்று ராகவன் சார் என்பவர் போனில் சொல்லி, தங்க முத்திரை போட்ட கடிதமும் அனுப்பியிருந்தார். விசா கட்டணம் எண்பத்தைந்தாயிரத்தை மட்டும் செவ்வாய் சாயங்காலத்துக்குள் கட்டிவிட வேண்டும். பூபாலனின் மனைவி கார்த்திகா ஐந்து பவுன் செயினைக் கழற்றி, அடகு வைக்கக் கைக்குட்டையில் முடிந்தேவிட்டாள். சுசீலா போனை வாங்கிப் பேரம் பேசினாள். நான்கே நிமிஷத்தில் கட்டணம் நாற்பத்தோராயிரத்துக்கு இறங்கியது. அரசாங்கக் கட்டணம் பேரத்துக்குப் படிந்ததுதான் அவளுக்கு வந்த முதல் சந்தேகம். உட்டா வேற ஆளுக்குப் பூடும்மா என்று பூபாலன் காதருகில் கெஞ்சியதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"நைனா, ஒரு கரண்டி வாங்க வர்றவன்கூட தட்டிப் பாத்துட்டுதான் காசு எடுக்கிறான். உன் தீவை ஒரு தபா கண்ல காட்டு. அப்பால துட்டு."

ராகவன் சாருக்கு எதற்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தத் தொழிலுக்கு அது ஆகாது. செவ்வாய் காலையில் அனுப்பிவிடுகிறேன் அம்மா என்று வாக்குக் கொடுத்தார். வாழ்நாளில் அவர் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான், அதுவும் அவருக்கே தெரியாமல்.

சுசீலா மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போய், தீவின் விளிம்பை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ணங்கென்று கேட்டது, கீறல் இல்லை. படகுத்துறையில் நின்ற மரீலாவின் தொழிலாளர் அதிகாரி அம்மாள் தன் ஊர் பாஷையில் பேசினாள், சுசீலா தன் பாஷையில் பேசினாள். விஷயம் பணமாக இருந்ததால் இரண்டு பேருக்கும் புரிந்தது. கடிதத்தில் இருப்பது தங்கள் ஊர் பிஸ்கட் டப்பாவின் முத்திரை, அந்தப் பெயரில் ஓட்டலே கிடையாது, இங்கே விசா செலவு முதலாளியுடையது, வேலைக்கு வருகிறவரிடம் முன்பணம் கேட்கிறவன் திருடன் என்றாள் அந்த அம்மாள். அப்போது ராகவன் சாரே போனில் கூப்பிட்டார். தீவை அனுப்பியாயிற்று, சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, விடுவிக்க இன்னும் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார்.

"அது மேலதான் நின்னுகினு கீறேன், நைனா. மொத்தத்தையும் புள்ளையோட மொத மாச சம்பளத்துல கழிச்சிக்க."

வைத்த போனை அவர் மறுபடி எடுக்கவில்லை. கார்த்திகா முடிச்சை அவிழ்த்துச் செயினைப் போட்டுக்கொண்டாள். சுசீலா அங்கிருந்தே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்து அவர் நம்பரைக் கொடுத்தாள்.

தீவு திரும்பிப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. தொழிலாளர் அதிகாரி அம்மாள் பூபாலனைப் பரோட்டா போடச் சொல்லி, தின்று பார்த்து, பைசா வாங்காமல் நிஜமான ஓட்டல் ஒன்றில் சேர்த்துவிட்டாள். சம்பளம் நாற்பத்திரண்டாயிரம்தான், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தினமும் போக வர நாலு முத்திரை விழுவதால் மாதம் ஒரு பாஸ்போர்ட் தீர்கிறது. தீவு பார்த்த ஃபிளாட்டுக்குத் தரகர்கள் இரண்டு லட்சம் கூடச் சொல்கிறார்கள். லாட்டரி, கடன், பார்சல் என்று யார் கூப்பிட்டு முன்பணம் கேட்டாலும், மாங்காடு வரைக்கும் ஒரே பதில்தான்: தீவைக் காட்டு.

பொங்கலுக்கு முன்னால் மரீலா அரசு சுசீலாவிடம் இருநூறு எவர்சில்வர் தட்டு கேட்டது. பாதிப் பணம் அட்வான்ஸ் என்றாள். தீவின் நிதியமைச்சர் கடைக்கே வந்து, மூன்று மாதத்தில் கற்ற தமிழில், "மொதல்ல தட்டு, அப்பால துட்டு" என்றார். சுசீலா ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேலடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினாள்.