குடை பிடித்த தங்கச்சி

…என் படத்தில் இடுப்பில்தான் கை வைப்பார் டிராயிங் மாஸ்டர், சந்தேகமே இல்லை, பக்கத்து ஸ்டாண்டில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வரைந்த குளத்தில் இப்போதுதான் இரண்டு அல்லி கூடுதலாகப் பூத்தன, மனிதர் நன்றி வேறு சொல்கிறார், கண்காட்சிக்கு முன்னால் எல்லாப் படத்திலும் மாஸ்டர் கடைசித் தீற்றல் போடுவது இந்த வகுப்பின் வழக்கம், அதனால்தான் வருஷா வருஷம் எல்லாப் படமும் ஒரே ஆள் வரைந்தது மாதிரி இருக்கிறது, இந்தத் தடவை ஆளுக்கொரு பழைய மேதையின் படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரையணும் என்றார், எனக்கு வாய்த்தது அந்தக் குடைக்காரி, புல்மேட்டில் காற்றடிக்க நிற்பாளே, காலண்டரில் பார்க்காதவர் கிடையாது, அவளுக்கு இடுப்பு ஒரு கைக்குள் அடங்கும், என் படத்தில் நிற்பவளுக்கு… அடங்காது, அதற்கென்ன இப்போது? பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் "இப்ப தெளிவா தெரியுதா, இப்ப?" என்று ஊரையே கேட்கிறவள், சாயந்திரமானால் மங்கலாக வரைகிறேன், கேட்டால் பாணியாம், வீட்டுக்காரரோ நான் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைனை முட்டிவலித் தைலம் என்று தடவிக்கொண்டு, வலி விட்டுவிட்டது என்கிறார், கலையால் பயனடைந்தவர் இதுவரை அவர் ஒருத்தர்தான்.

படத்தில் நிற்பது என் தங்கச்சி, மொட்டைமாடியில், கம்பி முறிந்த வீட்டுக் குடையோடு, மாத்திரை ஊதவைத்த உடம்போடு… வியாதி வந்ததிலிருந்து எந்தப் போட்டோவிலும் யாருக்காவது பின்னால்தான் ஒளிந்துகொள்வாள், கல்யாண வீட்டில் சித்தி "பூசினாப்ல ஆயிட்டியேடி" என்றதற்குச் சாப்பிடாமலே வந்துவிட்டவள், எனக்காக மட்டும் வெயிலில் நின்றாள், ஒல்லியாப் போட்டுடாதக்கா, அப்புறம் அது யாரோ என்றாள், இன்று சாயந்திரம் முதல்முதலாகப் பார்க்க வருகிறாள், மாஸ்டரின் ஒரு தீற்றல் போதும், அந்த இடுப்பை வானம் தின்றுவிடும், அவள் பார்த்துவிட்டு நல்லா இருக்குக்கா என்பாள், அவ்வளவுதான், அதற்குப்பிறகு என் முன்னாலும் நிற்கமாட்டாள்.

வந்துவிட்டார், தட்டில் வான நீலத்தைக் குழைத்துக்கொண்டே, ஏம்மா, அசல்ல இப்படியா இருக்கு, ஓரத்துல லேசா வானத்தை இழுத்துவிட்டா உடம்பு குறைஞ்சிடும் என்கிறார், என்னவோ எந்த டாக்டருக்கும் தெரியாத வைத்தியம் மாதிரி, நான் எழுந்து தூரிகைக்கும் படத்துக்கும் நடுவில் நிற்கிறேன், நானா, கரப்பான்பூச்சிக்கு ஸ்டூலில் ஏறுகிறவளா, ஆனால் என் இடுப்பும் லேசுப்பட்டதில்லை, படத்தை முழுசாக மறைக்கிறது.

"தொடாதீங்க மாஸ்டர். இது என் தங்கச்சி. அவ இப்படித்தான் இருக்கா."

"அப்ப கண்காட்சியில மாட்ட முடியாதும்மா."

"மாட்டாட்டி போகுது. வாசல்ல கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

போஸ்ட்மாஸ்டர் கந்தைத் துணியை எடுத்து அந்த இரண்டு அல்லியையும் மெதுவாகத் துடைக்கிறார், மாஸ்டர் அவரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், தூரிகையைத் தாழ்த்துகிறார், சரி, உங்க இஷ்டம், மாட்டுங்க… போகிற போக்கில் திரும்பி, "ஆனா முகத்தை நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா, ஒண்ணுமே காட்டாம" என்கிறார்.

ஜெயித்தாயிற்று, உட்காரலாம், உட்கார்ந்து பார்க்கிறேன்… இடுப்பு இருக்கிறது, கனத்த தோள் இருக்கிறது, முகத்தில் குடை நிழல், வீங்கிய கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் ஊதாவில் ஓர் இழுப்பு, பச்சையில் ஓர் இழுப்பு, கண்ணே இல்லை… அன்றைக்கு அவள் நின்ற நேரமெல்லாம் என்னையேதானே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?