மூடிக்கு மேலே ஓர் அறை

பலூன் விடுவதற்கென்று ஒரு அரசாங்க உத்தியோகம் இருக்கிறது என்பதை அவளுடைய அண்ணன் கடைசிவரை நம்பவில்லை. "அவ்வளவு படிச்சுட்டு பலூன் ஊதுறா" என்று பட்டறையில் வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லி, வீட்டிலும் அவளுக்குப் பலூன் என்றே பெயர் வைத்துவிட்டான்.

வேலை இதுதான். விடியும் நேரத்தில் வானிலை அலுவலகத்துக் கொட்டகையில், ஆள் உயரத்துக்கு மேல் உப்பும் வெள்ளை ரப்பர் பலூனில் ஹைட்ரஜனை நிரப்பி, அதன் வாலில் டீ டம்ளர் அளவுக்கு ஒரு கருவிப் பெட்டியைக் கட்டிப் பறக்கவிட வேண்டும். எந்த உயரத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று அது சொல்லிக்கொண்டே போகும். உள்ளே திரையில் அது ஒரு கோடாக விழும். பொழுது சாயும்போது இன்னொரு பலூன். இரண்டுக்கும் நடுவில் வானம் என்ன செய்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

மேலே போகப் போகக் காற்று குளிரும். கோடு ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். அந்தக் குளிர்காலத்தில் கோடு கொஞ்ச உயரம் போனதும் முதுகை வளைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பியது. கீழே குளிர்ந்த, கனத்த காற்று. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல. சுற்றிலும் மலை என்பதால் பானைக்குச் சுவரும் இருந்தது. செங்கல் சூளை, அனல் மின் நிலையம், பேருந்துகள், அணையாமல் புகையும் குப்பைமேடு, எல்லாம் விட்ட மூச்சு மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது. பகலில் சூரியன் நிலா மாதிரி தெரிந்தது. வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டவர்கள் சாம்பல் சட்டையை எடுத்து உதறினார்கள்.

அண்ணன் பேருந்துகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். பட்டறையில் அவன் பெயர் கலர். துப்பாக்கி மாதிரி ஒன்றால் பெயிண்டைப் புகையாகப் பீய்ச்சி அடிக்கும் வேலை. முகமூடி போட்டால் மூக்கு வியர்க்கிறது என்று அதைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வான். அதன் பலனாக நுரையீரல் இரண்டும் காய்ந்த கடற்பஞ்சு மாதிரி ஆகிவிட்டன என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற மாதங்களில் மெதுவாக நடப்பான், கடைக்குப் போவான், வாயாடுவான். அந்த மூடி விழுந்தபிறகு கட்டிலில் குனிந்து, இரண்டு முழங்கால்களிலும் கையை ஊன்றி உட்கார்ந்தவன், அப்படியேதான் இருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. தூக்கமும் உட்கார்ந்தபடிதான்.

ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்தில்கூட இடமில்லை. ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் மாத்திரையும் கொடுத்து, முடிந்தால் இந்த ஊரைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் போவது என்று அவர்கள் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டி தெரியாமல் லாரிகள் மோதிக் கிடந்தன. ரயில் எப்போது வரும் என்று ஸ்டேஷன்காரருக்கே தெரியவில்லை.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, அண்ணன் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திக் கேட்டான்.

"ஏன் பலூனு, இந்த ஆக்ஸிஜன் எல்லாம்... எங்கதான் போச்சு?"

"எங்கயும் போகலண்ணா. அஞ்சுல ஒரு பங்கு எப்பவும் போல அப்படியேதான் இருக்கு. மிச்சம் முக்கால்வாசி நைட்ரஜன். அதுவும் அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன்... ரேஷன்?"

கந்தகப் புகையும், வண்டி விடுகிற நைட்ரஜன் ஆக்ஸைடும், கண்ணுக்குத் தெரியாத கரித்தூளும் கூட்டத்தில் நுழைந்து உள்ளே போகிற வழியைப் புண்ணாக்குகின்றன என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. பசிக்கிறவனிடம் சமையல் குறிப்பு படிப்பது போலிருந்தது.

"ஊரே மூச்சுக்கு ஆலாப் பறக்குது" என்றான் அண்ணன். "நீங்க அங்க... பலூனுக்குக் காத்தை அடிச்சு... பறக்க விடுறீங்க."

அண்ணி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பேசினால் மூச்சு வாங்கும், பேசாமல் இருக்கச் சொல்லு உன் அண்ணனை என்றாள். அவனிடம் நேராகச் சொன்னால் கேட்கமாட்டான் என்று எல்லாவற்றையும் நாத்தனார் வழியாகத்தான் அனுப்புவாள்.

அந்த வாரம் முழுக்க விடியல் கோடும் மாலைக் கோடும் ஒரே இடத்தில்தான் வளைந்தன. ஊரை ஒட்டிய மலையின் உச்சியைவிட அந்த இடம் வெகு தாழ்வு. மலைமேல் அலுவலகத்துக்கு ஒரு ரேடார் கோபுரமும், பழுது பார்க்க வருகிறவர் தங்க ஓர் அறையும் உண்டு. கட்டில், ஹீட்டர், மின்சாரம், தண்ணீர் எல்லாம் இருந்தன. அந்த மெக்கானிக் விடுமுறையில் போயிருந்தார். அறை மூடிக்கு மேலே, சுத்தமான காற்றில் சும்மா கிடந்தது.

அண்ணனை அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று தோன்றியதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதிகாரியிடம் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது, யார் எடுத்தார்கள் என்றும் தெரியாது என்றார். அவருடைய பேத்தியும் இருமிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது, மலையில் கூப்பிட்ட குரலுக்கு யார் இருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பாத்துத்தானே சொல்ற?"

"தினம் ரெண்டு வேளை பாக்கிறேன் அண்ணி. அசையவே இல்ல."

அண்ணி எழுந்து போர்வைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் விடியல் பலூனை விட்டு, கோடு அதே இடத்தில் வளைந்ததைப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்கள். அலுவலக ஜீப். ஓட்டுநர் அண்ணனைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி முன்சீட்டில் வைத்தார். பெயிண்டெல்லாம் உதிர்ந்துபோன அந்த வண்டியை அண்ணன் மேலும் கீழும் பார்த்து, உடம்பு தேறட்டும், இதற்கு முதலில் கலர் அடித்துத் தருகிறேன் என்றான். அப்படியென்றால் நான் மெதுவாகத்தான் ஓட்டவேண்டும், ஆளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமே என்றார் ஓட்டுநர்.

பாதி மலைவரை கண்ணாடிக்கு வெளியே சாம்பலைத் தவிர ஒன்றுமில்லை. மூடியை நெருங்க நெருங்கப் புகை இன்னும் அடர்ந்தது. எரிந்த ரப்பர் வாடை தொண்டையில் ஒட்டியது. அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும், தண்ணீரிலிருந்து தலையை வெளியே நீட்டியது போல ஜீப் வெளிச்சத்துக்குள் வந்தது. வானம் நீலமாக இருந்தது. அப்படி ஒரு நிறம் இருப்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள்.

உச்சியில் கீழே இருந்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. அறை வாசலில் நாற்காலியைப் போட்டு அண்ணனை உட்காரவைத்தார்கள். கீழே ஊர் இல்லை. ஒரு சாம்பல் ஏரிதான் இருந்தது, தட்டினால் சத்தம் வரும் போல அத்தனை மட்டமாக. அதில் ஊர் நடுவில் இருக்கிற டி.வி. கோபுரத்தின் நுனி மட்டும் மூழ்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, "நாம அதுக்குள்ளயா இருந்தோம்?" என்று ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல் கேட்டான். அண்ணி சட்டென்று அறைக்குள் போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

அன்று காலை அவன் ரொட்டியும் பாலும் சாப்பிட்டான். சிலிண்டரை மூடிவைக்கச் சொன்னான். உதட்டில் இருந்த நீலம் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பை எதிர்பார்த்து ஆபீஸில் ஆள் இருப்பார்கள், மாலையில் வருகிறேன் என்று ஓட்டுநர் இறங்கிப் போனார். அண்ணன் நாற்காலியிலேயே, பல நாளைக்குப் பிறகு, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கினான். அண்ணி அவன் முகத்தில் வெயில் படாமல் போர்வையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலிக்காதா அண்ணி என்று கேட்டதற்கு, வலித்தால் வலிக்கட்டும் என்றாள்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஏரியைப் பார்த்தாள். மட்டமாக இல்லை. பால் காய்கிற மாதிரி மேற்பரப்பு அங்கங்கே பொங்கிப் பொங்கி அடங்கியது. டி.வி. கோபுர நுனியைத் தேடினாள். காணவில்லை.

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. அன்று எப்படியோ வெயில் கீழே நுழைந்திருக்கிறது, தரை சூடாகிவிட்டது. சூடான காற்று அடியிலிருந்து கிளறிக்கொண்டு எழுந்து மூடியைத் தலையால் முட்டி மேலே தூக்குகிறது. தூக்கியதற்கேற்ப அந்தப் புகையும் கூடவே ஏறுகிறது. சாயங்காலம் தரை குளிர்ந்ததும் மூடி பழைய இடத்துக்கு இறங்கிவிடும். மாலைப் பலூன் அதைப் பார்த்து, ஒன்றுமே அசையவில்லை என்று சொல்லும். படித்த பாடம்தான். ஆனால் விடியலும் மாலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடுப்பகல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

அண்ணியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி. இன்றைக்கு இங்கே எவ்வளவோ பரவாயில்லை, எதிர்ச்சாரி வீடெல்லாம் தெரிகிறது, பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாகத் தூங்குகிறார் என்று அண்ணி சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி, நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"உள்ள கொண்டு போயிடலாம் அண்ணி. மேல வருது."

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. கீழே இறங்க ஜீப் இல்லை. ஓட்டுநரின் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் முகவரி கேட்டார்கள், மலைப்பாதை என்றதும் முயற்சி செய்கிறோம் என்றார்கள். இன்னும் மேலே ஏறலாம் என்றால், ஏறுவதற்கு மலை மிச்சமில்லை. இருவரும் நாற்காலியோடு அவனைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கதவை அடைத்தார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகினார்கள். மெக்கானிக்கின் பழைய லுங்கியைக்கூடக் கிழித்துக் கதவடியில் அடைத்தாள் அண்ணி.

முதலில் ஜன்னலில் நீலம் வெளுத்தது. அப்புறம் மரம் மறைந்தது. சாவித்துவாரத்தில் கந்தக வாடை. அண்ணன் விழித்துக்கொண்டு பழையபடி முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். அவள் சிலிண்டரைத் திறந்தாள். அதில் இருந்தது ஆக்ஸிஜன்தான். ஆனால் உள்ளே போகிற குழாய்கள் சுருங்கி மூடிக்கொண்ட பிறகு அது எந்த வழியாகப் போகும்? கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. பட்டறைப் பெயிண்டின் கறை போகாத நகங்கள் மறுபடி நீலமாயின.

அவன் ஜன்னலைக் காட்டிக் கையை விரித்தான். என்ன ஆயிற்று என்று கேட்கிறான்.

"கொஞ்ச நேரம்தான் அண்ணா. சாயங்காலம் இறங்கிடும். நிச்சயமா இறங்கிடும்."

அது பொய்யில்லை. அவன் தலையை ஆட்டினான். தங்கை சொன்னால் நம்புகிறவன். பிறகு அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு மூச்சாக இழுக்கத் தொடங்கினான். மேட்டில் பார வண்டி இழுக்கிற மாதிரி. இருவரும் முதுகைத் தடவினார்கள், நெற்றியைத் துடைத்தார்கள், விசிறினார்கள், எந்தக் காற்றை விசிறுகிறோம் என்று தெரிந்தும் விசிறினார்கள். வேறு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணி ஒரு தடவைகூட அவளைப் பார்த்து, நீதானே சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெயில் சாய்வதற்கு முன்னால், இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. அப்புறம் இடைவெளி மட்டும் இருந்தது.

ஓட்டுநர் வந்து கதவைத் தட்டியபோது, அவருக்குப் பின்னால் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. புகை அவள் சொன்னபடியே இறங்கிப்போயிருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்ணி வாசலுக்கு வந்து, அந்தத் தெளிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

பின்சீட்டில் அவனை இருவரும் மடியில் தாங்கிக்கொண்டார்கள். தலை அண்ணியின் மடியில். ஜீப் வளைந்து வளைந்து இறங்கியது. கடைசி வெளிச்சம் முடிந்து முதல் சாம்பல் கண்ணாடியில் மோதியதும், அண்ணி தன் சால்வையின் நுனியை எடுத்து அவன் மூக்கையும் வாயையும் அவசரமாகப் பொத்தினாள். காற்று நுழையாதபடி ஓரங்களைக் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.