நன்றாகத் தெரிந்த விளிம்பு

மிதிவண்டியைப் படுக்க வைக்கச் சொன்னாள் ஹிலரி. ஆனால் டெஸ்மண்ட் அதைச் சரிவிலேயே நிறுத்திவிட்டுக் கையை எடுத்தான். அது சுண்ணப்பாறைச் சரிவில் உருண்டோடி, செங்குத்தான பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே கடற்கரையில் விழுந்தது.

சிறுவயதிலிருந்து நடந்த இடமென்ற தைரியத்தில் அவன் விளிம்பிலேயே நின்று எட்டிப் பார்த்தான். வண்டியை எடுக்கப் பக்கத்துப் பாதையில் இறங்கிய ஹிலரி, அவனை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"அசையாத! படு! அப்படியே பின்னாடி தவழு!"

தவழ்ந்தான். மூச்சிரைக்க மேலே வந்தவள் அவன் சட்டையை விடவேயில்லை.

"வண்டிக்கு அடி பலமா?"

"வாய மூடு."

"என்னன்னுதான் சொல்லேன், ஹிலரி. எனக்குக் கீழ எவ்வளவு பாறை இருந்துச்சு?"

"பாறையே இல்ல. அடியில எல்லாம் சரிஞ்சு விழுந்திருக்கு. நீ வெறும் புல்லு மேல நின்னுட்டிருந்த."